மரக்காணத்தில் கழற்றிய ஷூ

“மகாபலிபுரத்தயே தாண்ட மாட்ட மேடம். திருவான்மியூர்லயே கால் வலிக்குதுன்னு பஸ்ஸு ஏறிகினு வந்துடுவ. தாண்டிட்டேன்னு வச்சிக்க, இந்த மீசய எடுத்துடறேன்.”

இதைச் சொன்னவர் எங்கள் யார்டில் கிரேன் ஓட்டுபவர். துறைமுகத்துக்குப் போகும் சரக்குகளை ஏற்றி இறக்கும் இடம் அது, மணலி போகும் சாலையில் இருக்கிறது. டீ நேரத்தில் பன்னிரண்டு பேர் நடுவில் சொன்னார். கூடவே மீசையை இரண்டு பக்கமும் நீவிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

“இன்னிக்கே ஒரு போட்டோ புடிச்சு வச்சுக்கங்கண்ணே. அப்புறம் வூட்ல அடையாளம் தெரியாது” என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம், பஸ்ஸில், அவர் சொன்னதுதான் காதில் இருந்தது. நான் சொன்ன பதில் இல்லை.

எண்ணூர் முகத்துவாரத்தில் தொடங்கி கோடியக்கரை வரை, கடலை ஒட்டிய சாலைகளிலேயே நடப்பது என் திட்டம். ஏறக்குறைய நானூறு கிலோமீட்டர். இரண்டு வருட லீவை எடுக்காமல் சேர்த்து வைத்திருந்தேன்.

ஏழாம் வகுப்பில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்து வரச் சொன்னார்கள். தரையில் படுத்துக்கொண்டு வரைந்தேன். கடற்கரைக் கோடு வடக்கு மூலையிலிருந்து நேராக இறங்கி, ஓரிடத்தில் மூக்கு போல நீண்டு, சட்டென்று உள்ளே மடங்கும். அந்த மூக்கு நுனிதான் கோடியக்கரை. இறால் உரிக்கும் வேலை முடிந்து வந்த அம்மா, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். “இதுல நம்ம வூடு எங்க கீது?” என்று கேட்டாள். மேல் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். “அவ்ளோதானா?” என்றாள். அந்தப் புள்ளியிலிருந்து மூக்கு நுனி வரை நடந்து பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே தோன்றியதாகச் சொன்னால் அது பொய். தோன்றியது இருபத்தாறு வயதில், சம்பளமும் லீவும் என் பெயரில் வந்த பிறகு. ஆனால் எங்கே நடப்பது என்று யோசித்தபோது வேறு எந்த வழியும் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் வீட்டில் எல்லாமே பாதி. அப்பா மூன்றாம் வகுப்பில் பாதி. அம்மா இரண்டில் பாதி. அக்கா எட்டாவது படித்த வருடம் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்து புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போனது. அதன் பிறகு அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. வீடும் பாதிதான். திருவொற்றியூரில் எங்கள் சந்துக்குள் வந்தால், மொட்டை மாடியில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் வீடு எங்களுடையது. மாடி கட்டப் போகிறோம் என்று பத்து வருடமாக அந்தக் கம்பிகள் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஆரம்பித்ததை முடித்தவள் நான் ஒருத்திதான். பன்னிரண்டாவது முடித்தேன். டிப்ளமோ முடித்தேன். அதற்கு மேல் ஒரு வருடம் தொழிற்சாலைப் பாதுகாப்புப் படிப்பும் முடித்தேன். எனக்கு அதில் பெருமை உண்டு, இன்றும் உண்டு. பாதியில் விடாதவள் என்பதுதான் எங்கள் தெருவில் எனக்கிருந்த பெயர். கோடியக்கரைக்குப் போகாமல் திரும்பினால் போவது அந்தப் பெயர்தான் என்பது கிளம்பும்போதே எனக்குத் தெரியும்.

ஷூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சேஃப்டி ஷூ என்பது வெறும் காலணி அல்ல. அது காலில் இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம். அப்பா துறைமுகத்தில் கப்பல் மேல் கன்டெய்னர்களை இழுத்துக் கட்டும் வேலை செய்கிறார். அக்கா கல்யாணத்தில் பட்டு வேட்டிக்குக் கீழே கறுப்புச் சேஃப்டி ஷூவைப் பாலிஷ் போட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை வீட்டார் அதைக் கவனித்து மரியாதையாகப் பேசினார்கள். நான் பாதுகாப்பு அதிகாரியாக வேலைக்குச் சேர்ந்தபோது யார்டில் பெண் அளவில் ஷூ கிடையாது. மூன்று மாதம் ஏழாம் நம்பருக்குள் பழைய துணியை அடைத்துக்கொண்டு நடந்தேன். பிறகு எனக்கென்று ஆர்டர் போட்டு ஐந்தாம் நம்பர் வரவழைத்தார்கள். அந்தப் பெட்டியை ஸ்டோரில் திறந்த நாளை நான் மறக்க மாட்டேன். கோடியக்கரைக்கு வேறு எந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போவேன்?

கிளம்புவதற்கு முந்தைய மாலை அப்பா என் எதிரில் உட்கார்ந்து, நான் லேஸ் மாற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதுலயா போற?”

“ஆமா நைனா. முன்னாடி இரும்புத் தகடு கீது. மேல எது வுழுந்தாலும் தாங்கும். ரோடு இன்னா பண்ணிடும்?”

அவர் ஷூவைக் கையில் வாங்கினார். முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். “சரி. நீ பட்ச்ச புள்ள” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாசி மாதத்து விடியலில் முகத்துவாரத்தில் தொடங்கினேன். வடக்கே போய்த் தொடங்கியதால், தெற்கே நடந்தால் இரண்டு மணி நேரத்தில் எங்கள் தெரு முனைதான் வரும். அங்கே குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்: “இன்னாடி, அதுக்குள்ள திரும்பிட்டியா?” அம்மா ஓடி வந்து மோர் கொடுத்தாள். “வூட்டாண்ட வந்துட்டு வூட்டுக்குள்ள வராம போறவ நீ ஒருத்திதான்” என்றாள். நான் நிற்கவில்லை. ராயபுரம் மேம்பாலத்தடியில் இரண்டு இட்லி. பிறகு துறைமுக மதில், கடற்கரைச் சாலை, அடையாறு. திருவான்மியூரில் பஸ் ஸ்டாண்டைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். இரவுகளுக்கு முன்பே ஏற்பாடு இருந்தது. கல்லூரித் தோழிகளின் வீடுகள், அவர்களுடைய அத்தை சித்தி வீடுகள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தனியாக நடக்கும் பெண்ணை யாரும் சும்மா விடுவதில்லை. கேள்வி ஒன்றுதான்: “என்ன வேண்டுதல்?” மாதாவுக்கா, அம்மனுக்கா என்பதில் மட்டும் வித்தியாசம். வேண்டுதல் இல்லை என்றால் முகம் சுருங்கும். என் ஷூவைப் பார்த்துவிட்டு, “ரோடு அளக்க வந்திருக்கியாம்மா?” என்று ஒரு இளநீர்க்காரர் கேட்டார். தன் வீட்டு வாசல் வரை அளந்து தரும்படி இன்னொருவர் கூப்பிட்டார்.

மூன்றாம் நாள் மகாபலிபுரத்தைத் தாண்டினேன். பெயர்ப் பலகைக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு படம் எடுத்து கிரேன்காரருக்கு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு சவரக் கத்தியின் படம் வந்தது. நான் அனுப்பிய படத்தில் என் முகம் சிரிக்கிறது. கால் தெரியவில்லை. வலது கட்டைவிரல் அன்று காலையிலிருந்தே ஷூவின் இரும்புத் தகட்டில் இடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு சின்ன இடி. நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

கல்பாக்கத்தில் நகம் கறுத்தது. கடப்பாக்கத்தில் காலையில் எழுந்தபோது அது ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, அடியில் சீழ் வைத்திருந்தது. பாதத்தின் மேல் ஒரு சிவப்பு பரவத் தொடங்கியிருந்தது. பஞ்சு வைத்துக் கட்டி, சாக்ஸை மாட்டி, ஷூவுக்குள் காலை அழுத்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பது பழகிவிட்டது. பரீட்சைகளை எல்லாம் நான் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

ஆறாம் நாள் பத்து மணிக்கு மரக்காணத்து உப்பளங்கள் வந்தன. இரண்டு பக்கமும் பாத்திகள், வெள்ளைக் குவியல்கள், கண்ணைக் கூச வைக்கும் வெயில். அங்கே ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை. அதன் நிழலில் உட்கார்ந்து லேஸை அவிழ்த்தேன். சாக்ஸ் விரலோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தண்ணீர் குடிக்க வந்த ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தலைச் சும்மாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“என்னம்மா, கரண்ட் ஆபீஸா?”

“இல்லக்கா. நடந்து போறேன். கோடியக்கரைக்கு.”

“அது எங்க கெடக்கு? எந்தச் சாமிக்கு?”

“சாமிக்கு இல்ல. சும்மாதான்.”

“ஏ, இங்க வாங்கடி! இந்தப் பொண்ணு சும்மா நடக்குதாம்!” என்று அவள் பாத்திப் பக்கம் குரல் கொடுத்தாள். அங்கிருந்து சிரிப்பு வந்தது. அதற்குள் நான் சாக்ஸை உரித்துவிட்டேன். அவள் விரலைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

“வேண்டுதல் இல்லல்ல?”

“இல்லக்கா.”

“அப்ப நின்னுட்டுப் போயேன். எந்தச் சாமி கோச்சிக்கப் போவுது?”

சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

எனக்குப் பெரிய விஷயம். யார் கோபிப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு பேர் சிரிப்பார்கள். பக்கத்து வீட்டு அக்கா கத்துவாள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். நிஜமாகக் கோபிக்கப் போவது நான்தான். ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போனால் கேட்பார்களோ என்று அடையாள அட்டையைப் பையிலிருந்து எடுத்தேன். அதன் பின்னால் யார்டில் எல்லோருக்கும் கொடுக்கிற சிவப்பு அட்டை செருகியிருந்தது. ஆபத்து என்று தோன்றினால், யாராக இருந்தாலும், அந்த அட்டையைத் தூக்கிக் காட்டி வேலையை நிறுத்தலாம். தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் நிற்க வைத்துப் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசுவது என் வேலை. நான் மட்டும் ஒரு நாளும் அதைத் தூக்கியதில்லை.

தூக்க வேண்டிய ஒரு நாள் இருந்தது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், கிரேனில் மாட்டும் இரும்புக் கயிறு ஒன்றில் சில இழைகள் அறுந்து முள் போல நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். மேனேஜரிடம் சொன்னேன். கப்பலுக்கு நேரமாகிறது, அடுத்த வாரம் மாற்றிவிடலாம் என்றார். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டாள் என்று பெயர் வரும் என்று பயந்து, சோதித்தாகிவிட்டது என்ற தாளில் கையெழுத்துப் போட்டேன். அன்று எதுவும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் கையெழுத்து அப்படியே இருந்தது.

உப்பளக் கொட்டகையில் என்னை நானே கேட்டுக்கொண்டேன். இந்தக் காலோடு ஒரு ஆள் யார்டுக்குள் வந்தால் என்ன செய்வாய்? வாசலிலேயே மறித்து மருத்துவமனைக்கு அனுப்புவேன். அவன் கெஞ்சினால்? கேட்க மாட்டேன். சரி, அப்படியென்றால் எழுந்திரு.

அழுதேன். அதை மறைக்க அவசியமில்லை. அழுது முடித்து, பையிலிருந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சாலையோரக் கிலோமீட்டர் கல்லுக்கு நொண்டிக்கொண்டே போனேன். அதிலிருந்த எண்ணைச் சிவப்பு அட்டையின் பின்பக்கத்தில் எழுதினேன். பிறகு ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

சுகாதார நிலையத்தில் நகத்தை எடுத்தார்கள், ஊசி போட்டார்கள். மருந்து வைத்துக் கட்டிய நர்ஸ் ஷூவைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதப் போட்டுகிட்டா? கால் என்ன பாவம் பண்ணுச்சு?” என்றார். சென்னை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. ஆறு நாள் நடந்தது ஒரு மத்தியானத்தில் திரும்பிப் போனது. ஆனால் அந்தச் சாலையை பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் பார்த்தது போல நான் பார்க்கவில்லை. எந்தப் புளியமரத்து நிழல் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் விழும் என்று எனக்குத் தெரியும். எந்த வளைவில் நாய் துரத்தும், எந்தக் கடையில் மோரில் இஞ்சி அதிகம் என்று தெரியும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என் காலுக்குப் பாடம். அதை யாரும் திருப்பி வாங்க முடியாது என்று கோவளம் தாண்டும்போது தோன்றியது. அதுவரை தலையைக் குனிந்துகொண்டு வந்தவள் அதன் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா காலைப் பார்த்துத் திட்டிக்கொண்டே சோறு போட்டாள். அப்பா ஷூவுக்குள் கையை விட்டுத் தகட்டின் விளிம்பைத் தடவினார்.

“இத்தப் போட்டுகினு நின்னு வேல செய்யலாம்மா. நடக்க முடியாது. நாங்க கேட்டுக்கு வெளிய வந்த ஒடனே செருப்பு மாத்திடுவோம். பஸ் ஸ்டாண்டு வரிக்கும் கூட இத்தப் போட மாட்டோம்.”

“உனக்குத் தெரியுமா நைனா?”

“இருவது வர்ஷமா போடறேன், தெரியாம இன்னா?”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

அவர் ஷூவைக் கீழே வைத்தார். “நீ பட்ச்ச புள்ள. தெரிஞ்சிதான் போட்டுகினு போறன்னு நெனச்சேன். நான் இன்னா சொல்றது?”

அந்த இரவு விரல் வலியைவிட அதுதான் வலித்தது. இருபது வருடம் அந்த ஷூவில் நின்ற அப்பாவின் வாயை என் சான்றிதழ் அடைத்துவிட்டது. அவர் கேட்ட “இதுலயா போற?” என்பதற்கு நான் கொடுத்த பதிலை நினைத்துப் பார்த்தேன். அது பதில் இல்லை, கதவைச் சாத்துவது.

கட்டுப் பிரித்த பிறகு யார்டுக்குப் போனேன். வாசலிலேயே கிரேன்காரர் காத்திருந்தார். மீசை அப்படியே இருந்தது.

“இன்னா மேடம், நீ பாதி தூரம் கூட போகல. நான் பாதி மீசய எடுத்துட்டா போதுமா?”

“கணக்கு மகாபலிபுரத்துக்குத்தான் அண்ணே. கோடியக்கரைக்கு இல்ல.”

பன்னிரண்டு பேரும் என் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் அவர் வழுவழுவென்ற மேலுதட்டோடு வந்தார். பார்க்கப் பத்து வயது குறைந்து, மிகவும் கோபமாக இருந்தார்.

அன்று காலைப் பேச்சில் நான் வழக்கமான விஷயம் எதுவும் பேசவில்லை. ஷூ கதையை மட்டும் சொன்னேன், முழுதாக, அப்பா சொன்னதையும் சேர்த்து. “இங்கயும் எனக்குத் தெரியாம, உங்களுக்குத் தெரிஞ்சது இன்னான்னா கீதா?” என்று கேட்டேன். கடைசியில் சரக்குக் கட்டுபவர் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அந்த மூணாம் நம்பர் கயிறு. அது சரியில்லன்னு எல்லாருக்கும் தெர்யும். நீங்க கையெழுத்து போட்டுக்கீறீங்க. பட்ச்சவங்க பாத்துட்டாங்களேன்னு உட்டுட்டோம்.”

“நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் கையெழுத்து போட்டேன். அது தப்பு” என்றேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் கிரேன் சத்தம் கேட்டது. பேச்சு முடிவதற்குள்ளேயே கிரேன்காரர் வண்டிக்குப் போய்விட்டிருந்தார். இரும்புக் குழாய்க் கட்டு ஒன்று தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருந்தது. மாட்டியிருந்தது மூணாம் நம்பர் கயிறு.

சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு ஓடினேன். கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அவர் கண்ணுக்கு நேராக நின்றேன். அவர் கேபினிலிருந்து தலையை நீட்டினார்.

“இன்னா இது? பாதில நிறுத்தறதே பழக்கமாப் பூடுச்சா?”

“ஆமாண்ணே. மரக்காணம் வரிக்கும் போயி கத்துகினு வந்துக்கீறேன். எறக்குங்க.”

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு, பூப்போல, குழாய்களைத் தரையில் இறக்கினார். கயிற்றைக் கழற்றிப் பார்த்தபோது நடைக்குக் கிளம்பும் முன்பு நான் பார்த்ததைவிட இரண்டு மடங்கு இழைகள் அறுந்திருந்தன. மேனேஜர் சத்தம் போட்டார். என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் புதுக் கயிறு வந்தது. கிரேன்காரர் என்னைப் பாராட்டவில்லை. டீ நேரத்தில் ஒரு கிளாஸை என் பக்கம் தள்ளிவிட்டு, மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு அப்பாவை வண்ணாரப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான்கு கடை ஏறி இறங்கினோம். ஒவ்வொரு ஷூவையும் அவர் கையில் வாங்கி, வளைத்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கடைக்காரர் எடுத்துப் போட்ட ஏழாவது ஜோடியை, விலை குறைந்த துணி ஷூவை, “இது மடங்குது. இதுல போ” என்றார்.

போன சனிக்கிழமை முதல் பஸ்ஸில் போய் மரக்காணத்துக்கு முன்னாலேயே இறங்கினேன். சிவப்பு அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்து அந்தக் கல்லைக் கண்டுபிடித்தேன். இறங்கிய இடம் கொஞ்சம் தள்ளி இருந்ததால் இருநூறு அடி வடக்கே திரும்பி நடந்தேன். ஒரு அடியைக்கூட பஸ்ஸுக்கு விட்டுத்தர மனமில்லை. உப்பளக் கொட்டகையில் அப்போது ஆள் இல்லை. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் இருந்தது. கல்லைத் தொட்டுவிட்டுத் தெற்கே முதல் அடி வைத்தபோது மணி ஏழே கால். எட்டு மணிக்கு மரக்காணம் கடைத்தெருவில் டீ குடித்தேன். ஞாயிறு மாலை புதுச்சேரி எல்லைக் கல்லின் எண்ணையும் அதே அட்டையில், பழைய எண்ணுக்குக் கீழே, எழுதிக்கொண்டு பஸ் ஏறினேன்.